அம்மோனியாவுக்கு நூற்றேழு

இரண்டாவது தாளிலும் முப்பத்துமூன்றாம் கேள்விக்குப் பூஜ்யம்தான் போட வேண்டியிருந்தது. போட்டேன். பூஜ்யம் போடும்போது எனக்குக் கை நடுங்கியதில்லை. சிலர் முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள், தங்கள் வீட்டுப் பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி விட்டதைப் போல. எனக்கு அதெல்லாம் கிடையாது, தப்பு என்றால் தப்பு. விடைத்தாள் திருத்தும் முகாம், காலை ஒன்பதரைக்குக் கட்டு கைக்கு வந்தது. பன்னிரண்டு விடைத்தாள், பிளஸ் ஒன் வேதியியல், தமிழ் வழி, ஒரு மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். முகப்புத் தாளைக் கிழித்துவிட்டு வெறும் எண்ணை மட்டும் விட்டிருப்பார்கள், யார் பிள்ளை, எந்த ஊர் என்று தெரியாது. வேறு மாவட்டத்துத் தாள் என்பது மட்டும் தெரியும், அவரவர் மாவட்டத்துத் தாளை அவரவர் திருத்தக் கூடாது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் பக்கத்தில் திருத்துகிற உடையப்பன் சார் தலைக்குப் போகிறது, அவர் தலையில் கலைவதற்கு ஒன்றும் இல்லை. முப்பத்துமூன்றாவது கட்டாய வினா, எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். மீத்தேனில் பிணைப்புக் கோணம் நூற்றொன்பதரை டிகிரி, அம்மோனியாவிலும் நீரிலும் அது ஏன் குறைகிறது, எவ்வளவு குறைகிறது. மூன்று மதிப்பெண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லலாம், அம்மோனியாவுக்கு நூற்றேழு, நீருக்கு நூற்றுநாலரை. இந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் மாற்றி எழுதியிருக்கிறார்கள், அம்மோனியாவுக்கு நூற்றுநாலரை, நீருக்கு நூற்றேழு. ஒருத்தன் தப்பாக எழுதினால் அது அவன் தப்பு, இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதினால் அது வாத்தியார் தப்பு. அதை நான் வாய்விட்டே சொன்னேன். எந்தப் பயல் நடத்தினானோ தெரியவில்லை, இவனுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா என்று சொன்னேன். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் காலையிலேயே ஒரு சிரிப்பை வாங்கிவிட்ட திருப்தி இருந்தது.

மூன்றாவது தாளில் பதில் நீளமாக இருந்தது. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி, வலது பக்கமாகச் சரிந்து போகிறது. மீத்தேன் என்பது நாலு பேர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் சீட், எல்லோரும் சரிசமமாகத் தள்ளிக்கொள்வார்கள். அம்மோனியாவில் ஒரு தனித்த எலக்ட்ரான் ஜோடி உள்ளது. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பவன் காலை அகட்டிக்கொண்டு உட்காருவான், மற்றவர்களை நெருக்குவான். எனவே கோணம் மிகவும் குறைந்து நூற்றுநாலரை ஆகிறது. நீரில் இரண்டு தனித்த ஜோடிகள் உள்ளன. தனியாக இருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து அடங்கி உட்காருவார்கள். எனவே கோணம் கொஞ்சம்தான் குறைந்து நூற்றேழு ஆகிறது. படித்து முடித்தேன், மறுபடி முதலிலிருந்து படித்தேன். பஸ் சீட். காலை அகட்டி உட்காருபவன். எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தக் கைடிலும் இல்லை, தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் வேதியியல் வகுப்பில் இதை ஒருவன்தான் சொல்லியிருப்பான். அவன் பெயர் கோமதிநாயகம், எம்.எஸ்ஸி., பி.எட்., முதுகலை ஆசிரியர், பதினெட்டு வருஷ சர்வீஸ். ஜனவரி வரைக்கும் நெடுங்கரை மேல்நிலைப் பள்ளி, அதற்குப் பிறகு மாறுதலில் வந்து இந்த மாவட்டம். நான் மாவட்டம் மாறிவிட்டேன், என் பிள்ளைகளின் தாள் மாவட்டம் மாறி என் கைக்கே வந்திருக்கிறது. சிவப்புப் பேனாவை மூடினேன். மூடினால் யாராவது பார்ப்பார்கள் என்று உடனே திறந்தேன்.

விதி இருக்கிறது. தான் நடத்திய பிள்ளைகளின் தாள் வந்துவிட்டது என்று தெரிந்தால் முதன்மைத் தேர்வாளரிடம் சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது பிரிசில்லா மேடம், மேசைத் தலைப்பில், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு. எழுந்து நாலடி நடந்தால் போதும். மேடம், இது என் பழைய பள்ளித் தாள். எப்படித் தெரியும் சார், பேர் இல்லையே. இந்த விளக்கம் நான் சொன்னது மேடம். எந்த விளக்கம். அந்த இடத்தில்தான் போய் முட்டிக்கொள்கிறது. எந்த விளக்கம் என்று கேட்டால் சம்பளம் ஒரு கேடா என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னேனே, அந்த விளக்கம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு சொல்கிறது. முகாம் அலுவலர் காதுக்குப் போகும், அங்கிருந்து பழைய மாவட்டத்துக்குப் போகும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாய வினாவையே தப்பாக நடத்தியவர் என்று பதினேழு பி மெமோ வரும், ஒழுங்கு நடவடிக்கை, அதுவும் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பேனலில் பெயர் வரப்போகிற வருஷம் என்று இன்னொரு மனசு சொல்கிறது. ஆனால் இரண்டுமே பொய். மெமோவுக்கு நான் பயப்படவில்லை. உடையப்பன் சாரின் முகத்துக்குப் பயப்படுகிறேன், என்ன சார் நீங்களா என்று அந்த வழுக்கைத் தலை திரும்பும், அந்தத் திரும்பலுக்குத்தான் பயம். மூன்றாவது தாளுக்கும் பூஜ்யம் போட்டேன். இந்தத் தடவை பூஜ்யம் வட்டமாக வரவில்லை, மேல்புறம் சேராமல் வாய் திறந்திருந்தது, இன்னொரு தடவை மேலே ஓட்டி மூடினேன்.

பதினேழு வருஷம் சரியாகத்தானே நடத்தினேன். தனித்த ஜோடி அதிகமாக அதிகமாக விலக்கம் அதிகம், கோணம் குறுகும். ஒன்று இருந்தால் நூற்றேழு, இரண்டு இருந்தால் நூற்றுநாலரை. எண்ணிக்கை கூடினால் தள்ளுவதும் கூடும், இதில் குழம்ப என்ன இருக்கிறது. போன டிசம்பர் மாசம் ஒரு வியாழக்கிழமை முதல் பீரியடில், சாக்பீஸை எடுத்து நைட்ரஜனைப் போட்டு அதன் தலையில் இரண்டு புள்ளி வைத்தபோது, தனியாக ஒருத்தன் என்று வாயில் வந்துவிட்டது. காலையில் முழு மெத்தையிலும் குறுக்கே கிடந்து எழுந்தவன் நான். இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் ஒருவனாகப் படுத்தால் கைகால் தானாகப் போய் அந்தப் பக்கத்து விளிம்பைத் தொடுகிறது, யாரும் தள்ளிப் படுங்கள் என்று சொல்வதில்லை. தனியாக ஒருத்தன் இருந்தால் அவனுக்கு எல்லை கிடையாது பிள்ளைகளா என்று சொன்னேன். பஸ்ஸில் பாருங்கள் என்று சொன்னேன், நாற்காலியில் உட்கார்ந்து காலை அகட்டிக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. என் வகுப்பில் அதற்கு முன்னால் யாரும் சிரித்ததில்லை, இருமுவதற்குக் கூட வெளியே போய்வருவார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது, சாப்பிடாதவனுக்கு முதல் கவளம் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு பேர் இருந்தால் ஒருத்தனை ஒருத்தன் பார்த்து அடங்கிவிடுவான் என்று சேர்த்துச் சொன்னேன், மறுபடி சிரித்தார்கள், அந்தச் சிரிப்பின் வேகத்திலேயே கோணங்களைக் கரும்பலகையில் எழுதினேன். எது எதற்குக் காரணம் என்று இப்போது பார்த்தால், நான் முதலில் சிரிப்பை வாங்கினேன், பிறகு காரணத்தை எழுதினேன், கடைசியில் அதற்குப் பொருந்துகிற மாதிரி எண்ணை மாற்றிவிட்டேன்.

பஸ் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். அக்டோபர் மாதம், என் மனைவி சண்முகவடிவின் அப்பா செத்துப்போன சேதி விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது. கார் பிடிச்சுப் போயிருவோம் என்று அவள் சொன்னாள். எதுக்குக் கார், அஞ்சு மணிக்கு நேர் பஸ் இருக்கு என்று நான் சொன்னேன். அந்த பஸ் இப்ப ஓடலைன்னு சொல்லுதாங்களே என்று கேட்டாள். எனக்குத் தெரியாதா என்றேன். ஆறரை வரைக்கும் நிறுத்தத்தில் நின்றோம், அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் மாற்றுப் புடவை. டீக்கடைக்காரன் வந்து அந்த பஸ்ஸை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்று சொன்னான், எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. அதன் பிறகு வந்த சுற்றுப் பேருந்தில் மூன்று பேர் சீட்டில் அவள் ஜன்னல் ஓரம் ஒண்டிக்கொண்டாள், நடுவில் இடம் விட்டாள், அந்த இடத்தையும் சேர்த்து நான் காலை அகட்டி உட்கார்ந்தேன். கடைசி வளைவில் இறங்கும்போது வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பொம்பிளைகள் சுடுகாட்டுக்குப் போக முடியாது, அப்பா முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவங்க கொஞ்சம் அவசரப்பட்டு எடுத்துட்டாங்க என்று நான் சொன்னேன், அவள் அண்ணன் காதில் விழும்படியே சொன்னேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து நான் கிளம்பியபோது அவள் வாசல் நிலையில் நின்றாள். அழவில்லை. “அந்த பஸ் விஷயம் நான் தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும், உங்ககூட வந்துருதேன்” என்றாள். பஸ்காரன் நிறுத்தியதற்கு நான் என்ன செய்வது என்று கேட்டேன். இருபத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட மிகச் சின்னப் பொருள் அதுதான்.

நாலு, ஐந்து, ஆறு. மூன்றுக்கும் பூஜ்யம். ஒருத்தி பஸ் படமே போட்டிருக்கிறாள், சக்கரம், ஜன்னல், ஜன்னலில் ஒரு நைட்ரஜன். உடையப்பன் சார் தன் தாளைத் தூக்கிப் பிடித்தார். அவர் கட்டும் அதே மையத்துக் கட்டுதான். “கேளுங்க கேளுங்க, தனியா இருக்கவன் காலை அகட்டி உக்காருவான். இது கெமிஸ்ட்ரியா, போக்குவரத்துக் கழகமா சார்?” என்று மேசைக்கே வாசித்துக் காட்டினார். பிரிசில்லா மேடம் கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், பாவம் பிள்ளைக, மனப்பாடம் பண்ணி எழுதியிருக்குதுங்க என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதற்காக மற்றவர்களைவிட ஒரு நொடி கூடுதலாகச் சிரித்தேன், அதில் இருமல் வந்தது. உடையப்பன் சார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். நூற்றுநாலரை, நூற்றுநாலரை என்று தொண்டையில் இறங்கிற்று. பாட்டிலில் இருக்கிற ஒவ்வொரு துளிக்குள்ளும் கோடானுகோடி தடவை அதே கோணம், ஒரு தடவை கூட நூற்றேழு இல்லை. நான் கரும்பலகையில் எழுதியதற்காகத் தண்ணீர் மாறிவிடுமா. மாறுகிறது பிள்ளைகளின் மதிப்பெண்தான்.

அன்றைக்கு வகுப்பில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். நினைக்க வேண்டாம் என்று மூன்றாம் தாளிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தேன், வந்துவிட்டாள். முத்துப்பேச்சி, மூன்றாவது பெஞ்சு, உப்பளத்தில் வேலை பார்க்கிறவரின் மகள், புத்தகத்துக்குத் தேதி காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பாள், அட்டையில் பெரிதாக ஒரு இருபத்தேழு. “சார், புக்குல மாத்திப் போட்டிருக்கு சார். அம்மோனியாவுக்குத்தான் நூத்தியேழு போட்டிருக்கு” என்றாள். நான் வாங்கிய சிரிப்பு சட்டென்று போய்விட்டது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆனால் எழுபத்தாறு கண்கள். கைடில் தப்பு இருக்கிற இடத்தையெல்லாம் பேனாவால் திருத்தச் சொல்வது என் பழக்கம், வருஷத்துக்கு நாலைந்து தடவை சொல்வேன், பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமை, எங்க சார் அச்சுப் புஸ்தகத்தையே திருத்துவார் என்று. அந்தப் பெருமை கைகொடுத்தது. புக்குல அச்சுப் பிழை, எல்லாரும் திருத்திக்கோங்க என்றேன். முப்பத்தெட்டுப் புத்தகம் திறந்தது. அவளும் திறந்தாள், பென்சிலை எடுத்தாள். நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பென்சில்ல இல்ல, பேனாவால என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், தலையைக் குனிந்து, சரியாக அச்சடித்திருந்த நூற்றேழை ஸ்கேல் வைத்து நேராக அடித்து மேலே சின்னதாக நூற்றுநாலரை என்று எழுதினாள். இப்ப சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, இருந்தும் பார்த்தேன். விளக்கு போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், விளக்கைப் போட்டால் அது இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதைப் போல. வெள்ளிக்கிழமை அந்த வகுப்புக்கு எனக்குப் பீரியட் இல்லை. திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை கூடப் பார்த்தேன், குளியலறையில், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. போன வகுப்பில் நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன், யார் கண்டுபிடிக்கிறீர்கள் பார்க்கலாம் என்று. அப்படிச் சொல்லலாம். ஆனால் பேனாவால் திருத்த வைத்ததை என்ன செய்வது. சரி, நேராகச் சொல்லலாம். நேராகச் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று யோசித்தேன், ஜெயித்த முகம், அதைப் பார்க்கத் தயாராக இல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளை, உப்பளத்துக்காரன் மகள், ஜெயித்தால் எனக்கென்ன நஷ்டம். தெரியவில்லை. திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு ஆரம்பித்துவிட்டது. பிறகு விடுமுறை. பிறகு ஜனவரியில் மாறுதல் ஆணை, நான் கேட்டு வாங்கியதுதான், அந்தக் கட்டிலிலிருந்து ஓடுவதற்காக. என் இடத்துக்கு ஆள் போடவில்லை, திருப்புதல் தேர்வெல்லாம் இயற்பியல் சார்தான் வைத்தாராம். அரையாண்டில் இந்தக் கேள்வி வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் திருத்திச் சொல்லச் சந்தர்ப்பமே அமையவில்லை.

டீ வந்தது, காகிதக் கோப்பை விளிம்பில் ஈரம், இரண்டு மெதுவடை. ஏழாவது தாளின் கூட்டல் பதினாலு வந்தது. எழுத்துத் தேர்வில் பதினைந்து எடுத்தால்தான் பாஸ், பதினாலில் யாரையும் விடுவதில்லை என்பது எல்லா முகாமிலும் உள்ள பழக்கம். எங்கேயாவது ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்கும், தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவோம், அதில் ஒரு புண்ணியம் கிடைத்த மாதிரி வடை ருசிக்கும். தேடினேன். இந்தப் பயலும் கட்டாய வினாவில் பஸ் ஏறியிருக்கிறான், மூன்று மதிப்பெண் அங்கே கிடந்திருக்க வேண்டியது, பதினேழு எடுத்திருக்க வேண்டியவன். அங்கே கொடுக்க முடியாது, விடைக்குறிப்பு கண்டிப்பானது. வேறொரு வரையறையில் பாதிச் சொல் சரியாக இருந்தது, அரை மதிப்பெண் போட்டேன், சமன்பாட்டில் இன்னொரு அரை. பதினைந்து. உடையப்பன் சார் எட்டிப் பார்த்து, பாஸ் போட்டுட்டீங்களா, நல்ல மனசு சார் உங்களுக்கு என்றார். நல்ல மனசு. வடையை வைத்துவிட்டேன், எண்ணெய் கையோடு தாளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு. எட்டு, பூஜ்யம். ஒன்பதில் அந்தக் கேள்வியே எழுதவில்லை, எழுதாமல் விட்டவன் மேல் எனக்கு நன்றியாக இருந்தது. பத்து, பூஜ்யம். மீதி இருபத்தாறு பேரும் இந்த அரங்கத்தில்தான் வேறு வேறு மேசைகளில் பூஜ்யம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோடியில் யாரோ உரக்கச் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாது, எனக்கு அது பஸ் சிரிப்பாகவே கேட்டது.

பதினொன்றாவது தாளைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் பென்சில் கோடு, ழகரத்துக்கு நீளமான வால். இருபது ரெக்கார்டு பக்கங்களில் இந்தக் கையெழுத்துக்குக் கீழே நான் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். வேகமாகத் திருத்தினேன், தடுக்க ஒன்றுமே இல்லை, பக்கத்துக்குப் பக்கம் முழு மதிப்பெண், சமன்பாடுகள் சரிபார்த்து அடிக்கோடிட்டவை. முப்பத்துமூன்று வந்தது. அம்மோனியா, ஒரு தனித்த ஜோடி, நூற்றேழு, முக்கோணப் பிரமிடு வடிவம், படம். நீர், இரண்டு தனித்த ஜோடிகள், தனித்த ஜோடிகளுக்கு இடையிலான விலக்கம் மிக அதிகம், எனவே நூற்றுநாலரை, வளைந்த வடிவம், படம். விடைக்குறிப்பை அச்சடித்து ஒட்டிய மாதிரி. அதன் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு, ஸ்கேல் வைத்து அடித்த ஒரே ஒரு நேர்கோடு. கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதியிருக்கிறாள். தனியாக உட்கார்ந்திருப்பவன் காலை அகட்டி உட்காருவான். அம்மோனியாவுக்கு நூற்றுநாலரை. நீருக்கு நூற்றேழு. ஒரு எழுத்துப் பிசகாமல் நான் சொன்னது. படம் மட்டும் போடவில்லை. ஏன் அடித்தாய், தெரிந்துதானே எழுதினாய், நான்தான் ஊரைவிட்டே போய்விட்டேனே, இனி யாருக்குப் பயம். ஏன் அடித்தாள் என்று எனக்குத் தெரியும். அரையாண்டில் அந்தக் கேள்வி வந்தது. வந்தது, வரவில்லை என்று நாலு மாசமாக எனக்கே சொல்லி வைத்திருந்தேன். வந்தது, அவள் அம்மோனியாவுக்கு நூற்றேழு என்றுதான் எழுதியிருந்தாள், புத்தகத்தில் அடிக்கச் சொன்ன பிறகும். புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, அவள் சரி என்று தெரிந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து அந்த விடைக்கு நான் பூஜ்யம் போட்டேன். கை நடுங்கவில்லை. தாளை வாங்கியவள் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மாணவி, ஒரு தடவை சொன்னால் போதும்.

கூட்டிப் பார்த்தேன். அந்த மூன்று இல்லாமல் அறுபத்தேழு, இருந்தால் எழுபதுக்கு எழுபது. பேனா தானாகப் போய் அடித்த விடையின் ஓரத்தில் மூன்று என்று போட்டது. மேல்பக்கத்தில் எழுபது என்று எழுதினேன், எழுத்திலும் எழுதினேன். அடித்த விடையைத் திருத்தக் கூடாது என்று காலையில்தான் பிரிசில்லா மேடம் படித்துக் காட்டினார். இருக்கட்டும். நாலு மாசம் கழித்தாவது ஒரு சரியைச் சரி என்று போட்டேன், அது யாருக்கும் தெரிய வேண்டாம். பன்னிரண்டாவது தாளை என்ன திருத்தினேன் என்று நினைவில்லை, அதிலும் பஸ் வந்துபோனது. பன்னிரண்டே முக்காலுக்குக் கட்டைக் கூட்டல் சரிபார்க்கிற நாகூர்மீரானிடம் கொடுத்தேன். சின்ன வயசு, ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறவன். ஒன்பது, பத்து என்று புரட்டினான், பதினொன்றில் விரல் நின்றது. அவன் என்னைக் கூப்பிடவில்லை, தாளை எடுத்துக்கொண்டு நேராக மேசைத் தலைப்புக்குப் போனான். நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், திருகித் திறந்து மறுபடி திருகினேன்.

“கோமதிநாயகம் சார், இங்க கொஞ்சம் வாங்க” என்றார் பிரிசில்லா மேடம். காலையிலிருந்து நடக்க முடியாத நாலடியை நடந்தேன். தாள் விரிந்து கிடந்தது. “அடிச்ச விடைக்கு மார்க் போட்டிருக்கீங்களே சார். செண்டம் போட்ட தாள், கண்டிப்பா மறுபார்வைக்குப் போகும். கீழ எழுதினதுதான் விடை, அது தப்பு. என்ன ஆச்சு?” அவர் குரலில் கோபம் இல்லை. உடையப்பன் சார் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினார், அந்தத் தலை திரும்பியது. வார்த்தை தயாராக இருந்தது. இந்தப் பிள்ளைக்குத் தெரியும் மேடம், நான்தான் அடிக்கச் சொன்னேன். அந்த பஸ்ஸை ஓட்டினவன் நான்தான். நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது, சண்முகவடிவு வாசல் நிலையில் நின்ற மாதிரி, ஒரே ஒரு வார்த்தைக்காக. வாயைத் திறந்தேன்.

“தப்பு என்னோடதுதான் மேடம்” என்றேன். “அடிச்சிருக்கிறதைக் கவனிக்காம போட்டுட்டேன்.”

எவ்வளவு லேசாக வந்துவிட்டது. இருபத்தொரு வருஷம் வீட்டில் வராதது, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் வராதது, சளி துப்புகிற மாதிரி வந்துவிட்டது, அதுவும் அந்தத் தாளிலேயே நான் செய்த ஒரே சரியான காரியத்துக்கு. நாகூர்மீரான் சங்கடமாகச் சிரித்தான். பிரிசில்லா மேடம் தன் பேனாவையே நீட்டினார். “பரவால்ல சார், எல்லாருக்கும் வர்றதுதான். ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்” என்றார். மூன்றை அடித்துப் பூஜ்யம் போட்டேன். மேல்பக்கம் எழுபதை அடித்து அறுபத்தேழு எழுதினேன், எழுத்திலும் எழுதினேன். திருத்திய இரண்டு இடத்திலும் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. அவள் ரெக்கார்டு நோட்டில் நான் போட்ட அதே ஒப்பத்தைப் போட்டேன். சாப்பாட்டு மணி அடித்தது, உடையப்பன் சார் கைகழுவப் போகலாமா என்று கேட்டார், வருகிறேன் என்றேன்.